யார் வந்தால் எழுந்திருப்பீர்கள்?

போன செவ்வாய்க்கிழமை பாலக்காட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கேன்சர் வார்டு. என் மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி, மருந்து எழுதி வாங்கி வர வேண்டிய வேலை. பேர் கூப்பிடும் வரை வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எதிர் அறையில் ஒரு புது நோயாளி. அறுபது வயதிருக்கும். வேலந்தாவளம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். நர்ஸ் அவர் கையில் மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டே கேள்வி கேட்கிறார். தலை சுற்றுமா? இதற்கு முன்னால் விழுந்ததுண்டா? பாத்ரூமுக்கு அடிக்கடி போவீர்களா? எல்லாம் வழக்கமான கேள்விகள்தான். கடைசியாக ஒன்று கேட்டார்.

“யாரு வந்தா எந்திரிச்சு நிப்பீங்க?”

அவருக்குப் புரியவில்லை. “என்னங்க கேக்கறீங்க?”

“உங்களப் பாக்க ஆளுக வருவாங்கள்ல… அதுல யாரப் பாத்தா மரியாதைக்கு எந்திரிப்பீங்கன்னு கேக்குறேன்.”

அவர் யோசித்தார். “எங்க பெரியண்ணன் வந்தா எந்திரிப்பனுங்க. அப்பறம்… சம்மந்தி வந்தா. எந்திரிக்காம எப்படீங்க?”

அவர் மனைவி சிரித்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரும் சிரித்தார். நர்ஸ் மட்டும் சிரிக்காமல் அண்ணன், சம்பந்தி என்று எழுதிக்கொண்டார். நானும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அந்தப் படிவத்துக்குள் வந்ததற்குக் காரணமே நான்தான்.

எனவே இந்த வாரம் உங்களிடம் ஒரு பாராட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா? சுமார் மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வாரப் பத்தியில் ஆஸ்பத்திரி பாத்ரூம்கள் பற்றி எழுதினேன். என் மாமியார் கேன்சர் வார்டில் விழுந்துவிட்டதைச் சொல்லி, வழுக்கும் டைல்ஸைத் திட்டி, ‘நோயாளி பாத்ரூம் போவதற்குக்கூடத் துணைக்கு ஆளில்லையா?’ என்று கேட்டிருந்தேன். நிறையப் பேர் பாராட்டி எழுதினீர்கள். சாட்டையடி என்றீர்கள். துணிச்சல் என்றீர்கள்.

அதில் விழுந்தது உண்மை. பாத்ரூம் பொய்.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் மாமியாருக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. அங்கே எல்லாருக்கும் கோயமுத்தூர்ப் பேச்சுதான். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால் மட்டும் மலையாளம். மாமனார் போய்ப் பத்து வருஷமாகிறது. தனியாளாக நின்று தோப்பைப் பார்த்துக்கொண்டவர். தண்ணி முறை வைத்து விடுவதில் தகராறு வந்தால் வரப்பில் இறங்கி நாலு ஆண்களை வாயடைக்க வைப்பார். அப்படிப்பட்டவர், நான் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரு தடவைகூட இது தவறியதில்லை.

எங்கள் பக்கத்தில் பழைய குடும்பங்களில் இன்னமும் உள்ள வழக்கம் இது. மாப்பிள்ளை வந்தால் மாமியார் எழுந்துவிட வேண்டும். காலில் செருப்பு இருந்தால் கழற்றிவிட வேண்டும். மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகு, சற்றுத் தள்ளி, சுவரோரமாக உட்காரலாம். இப்போது பாதி வீடுகளில் விட்டுவிட்டார்கள். என் தம்பியின் மாமியார் அவன் வந்தால் சீரியலிலிருந்து கண்ணைக்கூட எடுக்க மாட்டார்.

எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இத்தனைக்கும் இந்தப் பத்தியில் எத்தனை முறை சமத்துவம் பற்றி எழுதியிருப்பேன்? பெண்கள் ஏன் கடைசியில் சாப்பிட வேண்டும் என்று கேட்டிருப்பேன்? எழுதி முடித்து, மெயில் அனுப்பிவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போவேன். அவர் எழுந்து நிற்பார். உள்ளுக்குள் ஜிலுஜிலு என்று இருக்கும்.

‘உக்காருங்க அத்தை’ என்று சொல்ல மாட்டேனா? சொல்வேன். தவறாமல் சொல்வேன். எப்போது? அவர் முழுசாக எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்து, “வாங்க மாப்பிள்ளை” என்று சொன்ன பிறகு!

நம்மில் பலரும் இப்படித்தானே? எதிராளி எழுந்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, அப்புறம் பெரிய மனசோடு ‘உக்காருங்க, உக்காருங்க’ என்போம். மரியாதையும் கிடைத்துவிடும்… எளிமையானவர் என்ற பேரும் கிடைத்துவிடும்.

போன வருஷக் கடைசியில் அத்தைக்கு மார்பில் கேன்சர் என்று தெரிந்தது. எலும்பிலும் லேசாகத் தொட்டிருந்தது. ஆனால் டாக்டர் நம்பிக்கையாகவே பேசினார். கீமோ நன்றாக வேலை செய்கிறது, நாலு முறை ஏற்றியாயிற்று, விடாமல் இன்னும் நாலு ஏற்றிவிட்டால் பல வருஷம் தோப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“வீழருது, கேட்டோ? எலும்பினு பலமில்ல.”

விழக் கூடாது. எலும்பு உடைந்தால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் கீமோவை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் நோய் முந்திக்கொள்ளும். எனக்கும் என் மனைவி கோகிலாவுக்கும் நன்றாகப் புரியும்படி இரண்டு முறை சொன்னார்.

ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கிவிட்டது என்று ஒரு வாரம் வார்டில் வைத்திருந்தார்கள். அந்த அறையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் செல்வராணி. இடுக்கியில் சக்குபள்ளத்துப் பெண். ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பம். படித்து நர்ஸாகி இந்தப் பக்கம் வந்திருக்கிறாள். பேச்சில் பாதி மதுரைப் பக்கம், பாதி மலையாளம்.

முதல் நாளே அத்தையின் கையில் மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டுப் பாடம் எடுத்தாள்.

“அம்மா, இந்த மஞ்சப் பட்டை எதுக்குத் தெரியுமா? நீங்க விழ வாய்ப்பிருக்குன்னு எங்களுக்கு அடையாளம். எது வேணும்னாலும் பெல்ல அமுக்குங்க, ஓடியாந்துருவேன். கால் கீழ படுதுன்னா இந்த ரப்பர் செருப்பு கால்ல கிடக்கணும். எந்திரிக்கும்போது ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்துல உக்காந்துட்டு, பிறகு என்னயப் புடிச்சுத்தான் எந்திரிக்கணும். மனசிலாயோ?”

“ஆச்சுங்க கண்ணு” என்றார் அத்தை.

வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் கடைப்பிடித்தார். தண்ணி வேண்டுமானால் பெல். பாத்ரூம் போக வேண்டுமானால் பெல். மருந்தில் அவர் கால் விரல்கள் மரத்துப்போய்க் கிடந்தன. குளிருக்கு நைலான் சாக்ஸ் போட்டிருந்தார். அதன்மேல் அந்த ரப்பர் செருப்பைப் போடாமல் ஓர் அடி வைக்க மாட்டார். செல்வராணி மற்ற நோயாளிகளிடம் ‘அந்தம்மாவப் பாத்துப் படிங்க’ என்று சொல்வாளாம்.

ஆனால் நான் உள்ளே வந்தால் எல்லாப் பாடமும் மறந்துவிடும்.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணைக்கு இருப்பவருக்கு ‘பைஸ்டாண்டர்’ என்று பேர். கோகிலா பள்ளிக்கூட டீச்சர். பரீட்சைச் சமயம். காலையில் அவள் போய்விட்டால் மத்தியானம் வரை நான்தான் பைஸ்டாண்டர். நான் அறைக்குள் இருந்தால் அத்தை காலை நீட்டிப் படுக்க மாட்டார் என்று வராந்தாவில் போய் உட்கார்ந்துகொள்வேன். அதுவும் மரியாதைதான். ஆனால் எவ்வளவு நேரம் வெளியே இருப்பது? மாத்திரை கொடுக்க, பேப்பரை வைக்க, போனை சார்ஜில் போட என்று அடிக்கடி உள்ளே வருவேன். ஒவ்வொரு முறையும் கதவு திறக்கும். அத்தை எழுந்து நிற்பார்.

நான் இதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். நன்றாகவே கவனித்தேன். இரண்டாம் நாள் எழுந்தவர் லேசாக ஆடி, டிரிப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் வழக்கம்போல, அவர் நின்ற பிறகு, “உக்காருங்க அத்தை” என்றேன்.

‘இனிமேல் என்னைப் பார்த்து எழுந்திருக்காதீர்கள்’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வாரா வாரம் உங்களுக்கு எத்தனை வாக்கியம் எழுதுகிறேன்! இந்த ஒன்று ஏன் வரவில்லை? சொன்னால் அவர் மனசு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த வழக்கம் நின்றுபோவதில் எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நாலாம் நாள். காலை பதினோரு மணி இருக்கும். கேன்டீனிலிருந்து கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு கையிலும் சாமான். கதவை முழங்கையால் தள்ளினேன். அத்தை கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பு காலில் இருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு செருப்பையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறும் சாக்ஸோடு சட்டென்று எழுந்தார்.

“வாங்க மா…”

அதற்குமேல் வரவில்லை. கண் மேலே போயிற்று. கால் முன்னே வழுக்கியது. கையில் இருந்த கஞ்சியைக் கீழே போட எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்… அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் இடுப்பு தரையில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

செல்வராணிதான் முதலில் ஓடி வந்தாள். அப்புறம் டாக்டர், அட்டெண்டர், ஸ்ட்ரெச்சர். அத்தையைத் தூக்கி வைத்த பிறகு, கையில் ஒரு படிவத்தோடு அவள் என்னிடம் கேட்டாள்.

“எதுக்கு சார் எந்திரிச்சாங்க?”

யாராவது விழுந்தால் ஏன், எப்படி என்று அங்கே எழுதியாக வேண்டும். அடுத்தவர் விழாமல் இருப்பதற்காக.

என்னைப் பார்த்து எழுந்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் நிற்கிறார்கள். “பாத்ரூம் போறதுக்கா இருக்கும்” என்றேன்.

செல்வராணி முகம் மாறியது. “இப்பத்தான சார் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன்… பத்து நிமிஷம்கூட ஆகலையே? அம்மா, பாத்ரூமுக்கா எந்திரிச்சீங்க?”

ஸ்ட்ரெச்சரில் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அத்தை கண்ணைத் திறந்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

“ஆமாங்க கண்ணு. பாத்ரூமுக்குத்தானுங்க. அவசரத்துல பெல்ல மறந்துட்டனுங்க.”

இடுப்பு உடைந்த நிலையிலும் மாப்பிள்ளையின் மரியாதையைக் காப்பாற்றினார். நான் காப்பாற்ற விட்டேன்.

வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கோகிலா எக்ஸ்ரே அறை வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அழவில்லை. “ஏனுங்க… அம்மா பாத்ரூம் போறதுன்னா செருப்புப் போட்டிருப்பாங்களே. கட்டலுக்கு அடியில கெடக்குதே?” என்று மட்டும் கேட்டாள். அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே, அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஆபரேஷன் நடந்தது. கீமோ நின்றது. டாக்டர் பயந்தது அப்படியே நடந்தது.

அந்த வாரம்தான் உங்களுக்கு அந்தப் பாத்ரூம் பத்தியை எழுதினேன். ஏன் எழுதினேன்? கோபம் வந்தால் எழுதிவிடும் பழக்கம். என்மேல் இருந்த கோபத்தை டைல்ஸ் மேல் காட்டிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, தையல் போட்ட இடத்தைக் காட்டுவதற்கு அத்தையை ஆம்புலன்ஸில் கூட்டிப் போனோம். செல்வராணியை வார்டில் காணோம். விசாரித்தால், ஊசி போடும் பகுதிக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே போய்ப் பார்த்தேன். பழைய மாதிரியே “அம்மா எப்பிடி இருக்காங்க சார்?” என்று கேட்டாள். அவளுக்கு ஏன் இடமாற்றம் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினாள்.

“பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனதா நான் புக்குல எழுதியிருந்தேன்ல சார். பத்து நிமிஷத்துல திரும்பப் போக எந்திரிச்சாங்கன்னா… நான் கூட்டிட்டுப் போகாமலே எழுதிட்டேன்னு மேட்ரனுக்கு சம்சயம். மெமோ குடுத்துட்டாங்க. அப்பறம் உங்க கட்டுரை வேற வந்துச்சு. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க.”

நோட்டீஸ் போர்டில்! என் போட்டோவோடு!

அங்கேயே சொல்லிவிட்டேன். எழுந்தது எனக்காக என்று. செருப்பைக் கழற்றியதும் எனக்காக என்று. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல சார்? மெமோ கிடக்கட்டும். நாங்க ஒரு மாசமா பாத்ரூமையே பாத்துக்கிட்டு இருந்தோம். புதுசா மேட்டு போட்டோம், கம்பி வச்சோம், அரைமணிக்கு ஒருக்க கூட்டிட்டுப் போனோம். போன வாரம் ஒரு ஐயா விழுந்தாரு. எங்கூருப் பக்கம், ஏலத்தோட்டத்துல வேல பாத்தவரு. அவரப் பாக்கப் பழைய முதலாளி வந்திருக்காரு. படுத்திருந்த மனுசன் வெடுக்குன்னு எந்திரிச்சு… நல்ல வேளை, முழங்கை சிராய்ப்போட போச்சு. அவரும் மொதல்ல பாத்ரூமுன்னுதான் சொன்னாரு சார்.”

அவளைக் கூட்டிக்கொண்டு மேட்ரன் அறைக்குப் போனேன். நடந்தது முழுவதையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேட்ரன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெமோவை ரத்து செய்தார்கள். செல்வராணி பழைய வார்டுக்கே வந்துவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்த்தார்கள். யார் பேரைச் சொல்கிறார்களோ அவர்களை வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுகிறார்கள். முதலில் நர்ஸ் உள்ளே போவார். ‘சம்பந்தி வந்திருக்கிறார், நீங்கள் படுத்தபடியே இருங்கள், அவரே அப்படித்தான் சொல்லச் சொன்னார்’ என்பார். அப்புறம்தான் சம்பந்தி உள்ளே.

செவ்வாய்க்கிழமை நான் பார்த்த அந்த நர்ஸ் செல்வராணிதான். எனக்கு ஒரு சின்னத் தலையசைப்பு. அவ்வளவுதான். அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கென்ன யோக்கியதை?

நோட்டீஸ் போர்டில் என் பழைய கட்டுரை இருந்த இடத்தில் இந்தக் கட்டுரையை ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போட்டோ வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். கீமோவை நிறுத்திவைத்த நாட்களில் நோய் முதுகெலும்பு வரை போய்விட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றார். நடக்க? என்று கேட்டேன். தலையை ஆட்டினார். விழுந்த அன்றைக்கு அத்தை எழுந்ததுதான் கடைசியாக எழுந்தது. அதுவும் எனக்காக.

கோகிலா லீவு போட்டுவிட்டு அம்மா வீட்டிலேயே இருக்கிறாள். தினமும் சாயங்காலம் நான் போகிறேன். மேட்ரனிடம் எழுதிக் கொடுத்த மறுநாள் உள்ளே நுழைந்தபோது அத்தை தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் தண்ணீர்.

“எந்திரிக்க முடியலீங்க மாப்பிள்ளை. தப்பா நெனச்சுக்காதீங்க.”

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன். “ஐயோ, மாப்பிள்ளை கீழ உக்காரக் கூடாதுங்க” என்று பதறினார். அதற்கும் எழப் பார்த்தார். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகையில் பொய் எழுதியது, மெமோ, மேட்ரன் எல்லாம். அந்தப் பொண்ணுக்கு வேலை போகலையே என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் உள்ளே நுழைவதற்கு முன்னால் கேட்டில் நின்று சத்தம் போடுகிறேன். “அத்தை, நான்தான். எந்திரிக்காதீங்க!”

அவரால் எழ முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் உள்ளேயிருந்து பதில் வரும். “இல்லீங்க மாப்பிள்ளை. எந்திரிக்கலீங்க. வாங்க.”

அதன்பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறேன்.